அந்த மாத்திரையை யார் கொடுத்தது?

2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா மருந்து நிறுவனம் ஒரு விலையை அறிவித்தது. எச்.ஐ.வி. தொற்றுள்ள ஒருவருக்கு ஓராண்டு முழுக்கத் தேவைப்படும் மூன்று மருந்துகளின் கூட்டு, 350 டாலர். எல்லைகளற்ற மருத்துவர்கள் என்ற தொண்டு அமைப்புக்கு அந்த விலை. அரசுகள் வாங்கினால் 600 டாலர். அதே சிகிச்சைக்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அன்று ஆண்டுக்கு 10,000 முதல் 15,000 டாலர் வரை ஆனது. ஆப்பிரிக்காவில் அப்போது இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் அந்தக் கிருமியுடன் வாழ்ந்தார்கள். அவர்களில் மருந்து கிடைத்தவர்கள் சில ஆயிரம் பேர்தான். மற்றவர்களுக்கு மருந்து என்ற ஒன்று உலகத்தில் இருக்கிறது என்ற செய்தி மட்டும் கிடைத்தது.

உலகமயமாக்கல் ஏழை நாடுகளுக்கு நல்லதா கெட்டதா என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்கு இந்த விலைதான் முதலில் நினைவுக்கு வரும். வறுமையை ஒழித்தது சந்தைதான் என்று ஒரு தரப்பு சொல்கிறது. பன்னாட்டு நிறுவனங்களின் சுரண்டலைத் தவிர அதில் எதுவுமில்லை என்கிறது இன்னொரு தரப்பு. பணக்கார நாடுகளின் பெருந்தன்மையால்தான் ஆப்பிரிக்கா பிழைத்தது என்று சொல்பவர்களும் உண்டு. எய்ட்ஸ் மருந்தின் கதையை அருகில் போய்ப் பார்த்தால் மூன்றுமே பாதிக் கதைகள். இந்த மாத்திரையை யார் கொடுத்தார்கள் என்பதைச் சரியாகச் சொல்லிவிட்டால், சர்வதேச ஒத்துழைப்பு என்று நாம் எதைக் கேட்க வேண்டும் என்பதும் தெளிவாகிவிடும் என்று நம்புகிறேன்.

எங்கள் ஊர் நாமக்கல் பக்கம். லாரியை நம்பிப் பிழைக்கிற ஊர்கள். பாடி கட்டும் பட்டறை, டயர் கடை, புக்கிங் ஆபீஸ், இவற்றுக்கு நடுவில்தான் வளர்ந்தோம். என் பெரியப்பா மகன் பத்தாவது முடித்ததும் கிளீனராக வண்டியேறினார். பிறகு டிரைவரானார். நாக்பூர், கொல்கத்தா என்று வடக்கே போனால் திரும்பி வர இருபது நாள்கூட ஆகும். 2002-ல் அவருக்குக் காய்ச்சல் நிற்கவில்லை. முதலில் டி.பி. என்றார்கள். பிறகு இன்னொரு ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொன்னார்கள். அதன் பிறகு வீட்டில் யாரும் நோயின் பெயரைச் சொல்லவில்லை.

அண்ணனுக்கு வேண்டிய மாத்திரை அப்போது மெடிக்கலில் கிடைத்தது. அது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் உறைத்தது. உலகம் முழுக்கப் பேசப்பட்ட அந்த இந்திய மாத்திரை இந்தியாவில் காசு கொடுத்தால் கிடைக்கும். 350 டாலர் என்றால் அன்றைய மதிப்பில் மாதம் 1,350 ரூபாய். கடை விலை அதற்குக் குறையாது. படுத்துவிட்ட டிரைவருக்குச் சம்பளம் கிடையாது. சில மாதம் வாங்கினார்கள், நிறுத்தினார்கள், அண்ணியின் தோடு போன பிறகு மறுபடி வாங்கினார்கள். இந்த மருந்தை அப்படி விட்டுவிட்டுச் சாப்பிட்டால் கிருமி அதற்குப் பழகிவிடும். 2003 கடைசியில் அவர் போய்ச் சேர்ந்தார். அண்ணிக்கும் தொற்று இருப்பது அதற்குள் தெரிந்துவிட்டது.

இலவச மாத்திரை இல்லாத அந்தக் காலத்தில் எங்கள் பகுதிக்கு வெளிநாட்டு உதவி வரவில்லை என்று சொல்ல முடியாது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் ஆய்வு மாணவியாக இருந்த நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். 1992-ல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்கு உலக வங்கி 8.4 கோடி டாலர் கடன் தந்தது. 1995-ல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் நிதியில் அடையாறு வி.எச்.எஸ். மருத்துவமனை வழியாகத் தமிழ்நாட்டுக்கென்றே தனித் திட்டம் தொடங்கியது. நெடுஞ்சாலை தாபாக்களிலும் லாரிப் பேட்டைகளிலும் ஆணுறை வந்தது, தெருநாடகம் வந்தது, துண்டறிக்கை வந்தது. புள்ளிராஜா விளம்பரம் தமிழ்நாட்டுச் சுவரெல்லாம் நின்ற காலம் பலருக்கு நினைவிருக்கும். அந்த வேலையால் தமிழ்நாட்டில் தொற்று குறைந்தது. அதை நான் முழு மனதோடு மதிக்கிறேன். ஆனால் அந்தப் பணம் எதுவும் சிகிச்சைக்கு வரவில்லை. ஏழை நாட்டில் தடுப்பு மட்டுமே கட்டுப்படியாகும், சிகிச்சை கட்டுப்படியாகாது என்பது அன்றைய உதவி உலகில் பரவலாக இருந்த முடிவு. ஏற்கெனவே தொற்றியவர்களைப் பற்றி அந்தக் கணக்கில் ஒரு வரி கிடையாது.

அந்தக் கணக்கை மாற்றியது 350 டாலர் விலை. அந்த விலை சாத்தியமானதற்குக் காரணம் அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னால் இங்கே எழுதப்பட்ட ஓர் அறிக்கை.

சுதந்திரம் அடைந்தபோது இந்தியாவில் இருந்தது ஆங்கிலேயர் போட்ட 1911-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம். அதன் கீழ் இந்தியாவில் மருந்து விலை உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்றாக இருந்தது. சட்டத்தை ஆராயும் பொறுப்பு, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த என். ராஜகோபால அய்யங்காரிடம் கொடுக்கப்பட்டது. 1959-ல் அவர் அளித்த அறிக்கை பொறுமையாகப் படிக்க வேண்டிய ஆவணம். நாட்டில் பதிவான காப்புரிமைகளில் மிகப் பெரும்பகுதி அயல்நாட்டாருடையது. அவற்றில் பெரும்பாலானவை இங்கே உற்பத்திக்கே வரவில்லை. பொருளை இங்கே செய்யவும் மாட்டார்கள், மற்றவரைச் செய்யவும் விட மாட்டார்கள். அவர் ஜெர்மனியின் பழைய சட்டத்தை எடுத்துக்காட்டினார். வேதிப்பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, அதைச் செய்யும் முறைக்கு மட்டுமே உண்டு என்பது அங்கே 1877-லிருந்து இருந்த ஏற்பாடு. வேறு வழியில் அதே பொருளைச் செய்யத் தெரிந்தவர் தாராளமாகச் செய்யலாம்.

அதை ஒட்டி எழுந்ததுதான் 1970-ஆம் ஆண்டு இந்தியக் காப்புரிமைச் சட்டம். 1972-ல் நடைமுறைக்கு வந்தது. மருந்துக்கும் உணவுக்கும் செய்முறைக் காப்புரிமை மட்டும். அதுவும் அதிகபட்சம் ஏழு ஆண்டு. மருந்துக் காப்புரிமையைப் பற்றி மற்ற நாடுகளுக்குப் பாடம் எடுக்கும் சுவிட்சர்லாந்து மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தர ஆரம்பித்தது 1977-ல். இத்தாலி 1978-ல். தங்கள் தொழில் வளரும்வரை அவர்களும் இந்த வழியில்தான் வந்தார்கள். இதைச் சொல்லாமல் இந்தியர்கள் மருந்தைத் திருடினார்கள் என்று எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

இந்தச் சட்டத்தால் விலை குறைந்தது என்பதோடு நிற்கக் கூடாது. அதைவிடப் பெரிய ஒன்று நடந்தது. எச்.ஐ.வி.க்கு மூன்று மருந்துகளைச் சேர்த்துச் சாப்பிட வேண்டும் என்று 1996-ல் நிலைநாட்டப்பட்டது. அமெரிக்க நோயாளிகள் நேரம் பார்த்து, சிலதைச் சாப்பாட்டுக்கு முன், சிலதைப் பின் என்று ஒரு நாளைக்குக் கை நிறைய மாத்திரை விழுங்கினார்கள். ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின் என்ற மூன்று மருந்துகளும் மூன்று தனித்தனி நிறுவனங்களின் கையில் இருந்தன. மூன்றையும் ஒரே மாத்திரையாக்க வேண்டுமென்றால் மூன்று நிறுவனங்களும் உட்கார்ந்து ஒப்புக்கொள்ள வேண்டும். யாரும் உட்காரவில்லை. இந்தியாவில் பொருளுக்குக் காப்புரிமை இல்லாததால் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. சிப்லா மூன்றையும் சேர்த்து ஒரே மாத்திரையாக்கியது. காலை ஒன்று, இரவு ஒன்று. பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் சொல்லிப் புரியவைக்கலாம். கிராமத்துச் செவிலியர் கொடுக்கலாம். ஏழைகளுக்கு வந்த மருந்து, பணக்காரர்களிடம் இருந்த மருந்தைவிட எளிமையான மருந்தாகவும் இருந்தது.

விலையைச் சொல்லிவிட்டால் போதுமா? வாங்க ஆள் வேண்டும், வாங்க விட வேண்டும். அந்தப் போராட்டம் நடந்த இடம் தென்னாப்பிரிக்கா.

1997-ல் நெல்சன் மண்டேலாவின் அரசு, விலை குறைவான மருந்துகளை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்ய இடமளிக்கும் ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 1998 பிப்ரவரியில் மருந்து உற்பத்தியாளர் சங்கமும் பன்னாட்டு மருந்து நிறுவனங்களும் சேர்ந்து அதை எதிர்த்துப் பிரிட்டோரியா உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டன. கடைசியில் நின்றவை 39 நிறுவனங்கள். மனுவில் எதிர்த்தரப்பாக மண்டேலாவின் பெயர் இருந்தது. அமெரிக்க அரசு தென்னாப்பிரிக்காவை வர்த்தகக் கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்தது. நிறவெறி ஆட்சியிலிருந்து விடுபட்டு நான்கே ஆண்டுகள் ஆன நாட்டுக்கு, தன் குடிமக்களைக் காப்பாற்ற நினைத்ததற்காகக் கிடைத்த வரவேற்பு அது.

1998 டிசம்பர் 10, மனித உரிமை நாளன்று கேப் டவுனில் சிகிச்சைச் செயல் இயக்கம் தொடங்கப்பட்டது. அதன் முகமாக இருந்தவர் ஜாக்கி அஹ்மத், நிறவெறி எதிர்ப்பில் வளர்ந்தவர். தனக்கே தொற்று இருந்தும், அரசு மருத்துவமனைகளில் எல்லோருக்கும் கிடைக்கும்வரை நான் இந்த மருந்தைச் சாப்பிட மாட்டேன் என்று அறிவித்தார். நண்பர்கள் வாங்கித் தரத் தயாராக இருந்தார்கள். 2002-ல் மண்டேலாவே அவர் வீட்டுக்கு வந்து மருந்து சாப்பிடும்படி கேட்டார். அப்போதும் மறுத்துவிட்டார். அடுத்த ஆண்டுதான், இயக்கத்தினர் எல்லோரும் சேர்ந்து கேட்டுக்கொண்ட பிறகு, சாப்பிடத் தொடங்கினார்.

2000 ஜூலையில் சர்வதேச எய்ட்ஸ் மாநாடு டர்பனில் கூடியது. வளரும் நாடொன்றில், ஆப்பிரிக்காவில், நோய் தாண்டவமாடிய இடத்திலேயே அது கூடியது முக்கியம். பதினோரு வயதுச் சிறுவன் நிகோசி ஜான்சன் மேடையேறி, எங்களையும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று பேசினான். அடுத்த ஆண்டு இறந்துபோனான். நீதிபதி எட்வின் கேமரன், தனக்குத் தொற்று இருப்பதைச் சொல்லி, நான் இன்று உயிரோடு நிற்பதற்குக் காரணம் என்னால் விலை கொடுக்க முடிந்ததுதான் என்றார். நீதிபதி சம்பளத்தில் மாதம் 400 டாலர் மருந்துக்குப் போனது. என் அண்ணனுக்கும் அந்த நீதிபதிக்கும் இருந்தது ஒரே கிருமி.

வழக்கு 2001 மார்ச்சில் விசாரணைக்கு வந்தபோது உலகம் முழுக்க ஊர்வலங்கள் நடந்தன. ஸ்டாவுடின் மருந்தின் காப்புரிமை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துடையது. அங்கே மாணவர்கள் கேள்வி கேட்டார்கள். அந்த மருந்தின் பயனைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான பேராசிரியர் வில்லியம் புருசாஃப் மாணவர்கள் பக்கம் நின்றார். உரிமம் பெற்றிருந்த நிறுவனம், தென்னாப்பிரிக்காவில் அந்தக் காப்புரிமையை வலியுறுத்த மாட்டோம் என்று இறங்கி வந்தது. ஏப்ரல் 19 அன்று 39 நிறுவனங்களும் வழக்கைத் திரும்பப் பெற்றன. ஒத்துழைப்பு என்றால் எனக்கு இதுதான்: ஜோகன்னஸ்பர்க் நோயாளியும், யேல் மாணவரும், மும்பை வேதியியலாளரும் ஒருவரையொருவர் பார்த்திராமலேயே ஒரே கதவைத் தள்ளியது.

கதை அத்தோடு சுகமாக முடியவில்லை. வழக்கில் வென்ற தென்னாப்பிரிக்காவில் மண்டேலாவுக்கு அடுத்து அதிபரான தாபோ எம்பெக்கி, எச்.ஐ.வி.தான் எய்ட்ஸுக்குக் காரணம் என்பதையே சந்தேகித்தார். மருந்து நச்சு என்று அவருடைய அரசு தயங்கியது. அந்தத் தயக்கத்தால் 2000-க்கும் 2005-க்கும் இடையில் 3,30,000-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின என்று ஹார்வர்ட் ஆய்வாளர்கள் பின்னர் கணக்கிட்டார்கள். எல்லாப் பழியையும் வெளிநாட்டு நிறுவனங்கள் மேல் போட்டுவிட முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். இயக்கம் தன் சொந்த அரசின் மேலும் வழக்குப் போட வேண்டியிருந்தது. தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றாமல் தடுக்கும் நெவிரபின் மருந்தை அரசு மருத்துவமனைகளில் கொடுத்தே ஆக வேண்டும் என்று 2002 ஜூலையில் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பணக்கார நாடுகளின் உதவி அதிகாரிகள் அப்போது என்ன சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். 2001-ல் யுஎஸ்எய்ட் தலைவராக இருந்த ஆண்ட்ரூ நாட்சியாஸ், ஆப்பிரிக்க மக்களில் பலர் கடிகாரம் பார்த்து அறியாதவர்கள், மணி சொன்னால் புரியாது, அதனால் இந்த மருந்து அங்கே வேலை செய்யாது என்ற பொருளில் பேசினார். அதே ஆண்டு மே மாதம் கேப் டவுனை ஒட்டிய காயலீட்ஷா என்ற தகரக் கொட்டகைப் பகுதியில் எல்லைகளற்ற மருத்துவர்கள் சிகிச்சையைத் தொடங்கிவிட்டார்கள். அடுத்த ஆண்டு பிரேசில் அரசு ஆய்வகம் தயாரித்த மாத்திரைகள் அங்கே வந்து சேர்ந்தன. பிரேசில் 1996-லேயே தன் குடிமக்களுக்கு இலவச மருந்துக்குச் சட்டம் போட்ட நாடு. 2006-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஆய்வு, மருந்தைத் தவறாமல் சாப்பிட்டவர்கள் ஆப்பிரிக்காவில் 77 சதவீதம், வட அமெரிக்காவில் 55 சதவீதம் என்று கண்டது. கடிகாரம் பிரச்சினையாக இருக்கவில்லை. எங்கள் அண்ணி வீட்டிலும் அன்று கடிகாரம் ஓடவில்லை. டவுன் பஸ் வரும் நேரத்துக்குச் சாப்பிடுவார்.

2001 நவம்பரில் கத்தாரின் தோஹாவில் உலக வர்த்தக அமைப்பின் அமைச்சர்கள் கூடினார்கள். 1995 முதல் அமலில் இருந்த, அந்த அமைப்பின் அறிவுசார் சொத்து ஒப்பந்தமான ட்ரிப்ஸ், எல்லா நாடுகளும் மருந்துப் பொருளுக்கு 20 ஆண்டு காப்புரிமை தந்தாக வேண்டும் என்றது. ஆப்பிரிக்க நாடுகளின் குழு அதில் மக்கள் உடல்நலத்துக்கு இடம் கேட்டது. அதற்குச் சில வாரம் முன்னால்தான் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் கிருமி வைத்த கடிதங்கள் வந்து, அதற்கான சிப்ரோ மருந்தின் விலையைக் குறைக்காவிட்டால் காப்புரிமையை மீறுவோம் என்று அமெரிக்க அமைச்சரே பேயர் நிறுவனத்தை மிரட்டியிருந்தார். அங்கே ஒரு சிலர் இறந்ததற்கு அந்த அவசரம் நியாயம் என்றால், ஆப்பிரிக்காவில் ஆண்டுக்கு இருபது லட்சம் சாவுக்கு? மேசையில் பதில் சொல்ல முடியாத கேள்வி அது. இந்தியாவின் சார்பில் அங்கே இருந்தவர் முரசொலி மாறன். பணக்கார நாடுகளின் புதிய நிபந்தனைகளை எதிர்த்து அவர் கடைசிவரை ஒற்றை ஆளாக நின்றதைத் தமிழ்ப் பத்திரிகைகள் அப்போது விரிவாக எழுதின. ட்ரிப்ஸ் ஒப்பந்தம் மக்கள் உடல்நலத்தைக் காக்கும் நடவடிக்கைக்குத் தடையாக இல்லை, இருக்கவும் கூடாது என்ற வாசகம் நவம்பர் 14 அன்று பிரகடனமாக நிறைவேறியது.

பணம் வந்தது இத்தனைக்கும் பிறகுதான். 2002 ஜனவரியில் எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான உலக நிதியம் தொடங்கியது. 2003 ஜனவரியில் அமெரிக்க அதிபர் புஷ், ஐந்தாண்டுக்கு 1,500 கோடி டாலர் என்று, எய்ட்ஸ் உதவிக்கான பெப்ஃபார் திட்டத்தை அறிவித்தார். 2006-ல் பிரான்ஸ், பிரேசில் உள்ளிட்ட நாடுகள் யுனிட்எய்ட் அமைப்பை உருவாக்கின; பிரான்ஸ் போன்ற சில நாடுகள் அதற்காக விமானப் பயணச்சீட்டில் ஒரு சிறு வரி போட்டன. அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. நாடு விட்டு நாடு பறப்பவர்கள் இன்னொரு நாட்டு நோயாளிக்குக் கொஞ்சம் கொடுப்பது. பெப்ஃபார் முதலில் இந்திய மருந்துகளை ஏற்கத் தயங்கியது; அமெரிக்க அரசின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு அவற்றைச் சோதித்து ஒப்புதல் தர ஆரம்பித்ததும் தயக்கம் நீங்கியது. 2006-க்குப் பிறகு உதவிப் பணத்தில் வாங்கப்பட்ட எய்ட்ஸ் மருந்துகளில் 80 சதவீதத்துக்கு மேல் இந்தியத் தயாரிப்பு.

இந்த வரிசையை மாற்றிச் சொன்னால் கதையே மாறிவிடுகிறது. பணக்கார நாடு பணம் கொடுத்தது, அதனால் மருந்து கிடைத்தது என்று வழக்கமாகச் சொல்கிறார்கள். முதலில் ஏழை நாட்டின் சட்டம், அப்புறம் அங்கே கற்றுக்கொண்ட தொழில், அப்புறம் நோயாளிகளின் போராட்டம், அப்புறம் விலைச் சரிவு, அதன் பிறகே பணம். 12,000 டாலர் விலையில் எந்த வள்ளலும் கோடிக்கணக்கானோருக்கு மருந்து வாங்கித் தந்திருக்க முடியாது. அதற்காகப் பெப்ஃபாரைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். இரண்டரைக் கோடி உயிர்களைக் காத்தது என்று அமெரிக்க அரசு சொல்கிறது. தென்னாப்பிரிக்காவில் 2005 வாக்கில் சராசரி ஆயுள் 55-க்கும் கீழே இறங்கியிருந்தது. பத்தே ஆண்டில் 60-ஐத் தாண்டி ஏறியது. ஒரு தலைமுறை ஆசிரியர்களும் செவிலியர்களும் தாய்மாரும் சாகாமல் இருந்தார்கள் என்பதுதான் அந்த எண்ணின் பொருள். சமூக மேம்பாடு என்று மாநாடுகளில் பேசப்படுவது எல்லாவற்றுக்கும் அதுவே அடிப்படை. ஆள் உயிரோடிருந்தால்தானே பள்ளிக்கூடமும் பயிரும்.

இந்தியா தன் மக்களுக்கு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரல் 1 அன்று, எட்டு அரசு மருத்துவமனைகளில். அவற்றில் ஒன்று தாம்பரம் சானடோரியம். உலகத்துக்கு மருந்து செய்த நாடு தன் டிரைவர்களுக்குக் கொடுக்க அத்தனை காலம் எடுத்தது என்பதை என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அண்ணன் இறந்து அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அண்ணி இரவு பஸ் ஏறி, விடியற்காலையில் தாம்பரத்தில் இறங்கி, வரிசையில் நின்று மாத்திரை வாங்கி வந்தார். பின்னாளில் இலவச மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. சென்டர் மாவட்டத்துக்கே வந்தது. இப்போது இரவில் ஒரே ஒரு மாத்திரை, அதில் டொலுடெக்ராவிர் உட்பட மூன்று மருந்து. உலக நிதியம் வாங்கும் விலையில் ஆண்டுக்கு 45 டாலருக்கும் குறைவு.

மாத்திரை எல்லாவற்றையும் சரிசெய்துவிடவில்லை. புருஷன் போனதும் மாமனார் வீட்டு நிலத்தில் அண்ணிக்குப் பங்கு கிடைக்க ஆண்டுக்கணக்கில் பஞ்சாயத்துப் பேச வேண்டியிருந்தது. எங்கள் மாவட்டத்தைச் சேர்ந்த பி. கௌசல்யா 1998-லேயே வேறு சில பெண்களோடு சேர்ந்து, தொற்றுள்ள பெண்களுக்கென்று ஓர் அமைப்பைச் சென்னையில் கட்டினார். அவர்கள் பேசியது மருந்தைப் பற்றி மட்டுமல்ல; சொத்து, மறுமணம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் பற்றி. பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேற 2017 ஆனது.

2025 ஜனவரி 20 அன்று பதவியேற்ற நாளிலேயே அதிபர் டிரம்ப், அமெரிக்காவின் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைக்கும் ஆணையில் கையெழுத்திட்டார். ஜூலை 1 அன்று யுஎஸ்எய்ட் என்ற அமைப்பே மூடப்பட்டது. ஜனவரி ஆணை வந்த சில வாரங்களிலேயே பல ஆப்பிரிக்க நாடுகளில் சிகிச்சை மையங்கள் பூட்டப்பட்டன. வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனித்த ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை போனது. பெப்ஃபார் நிதி முற்றாக நின்றுபோய் மாற்று வராவிட்டால் 2029-க்குள் கூடுதலாக 40 லட்சம் பேர் இறக்கக்கூடும் என்று ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பு எச்சரித்தது. தென்னாப்பிரிக்காவின் எய்ட்ஸ் திட்டத்தில் அமெரிக்கப் பணம் ஏறக்குறைய 17 சதவீதம். மீதியில் பெரும்பகுதி அதன் சொந்த வரிப்பணம். அடி பலமாக விழுந்தாலும் மருந்து நிற்கவில்லை. மொசாம்பிக் போன்று வெளிப் பணத்தையே பெரிதும் நம்பியிருந்த நாடுகளுக்கு அந்தப் பிடிமானம் இல்லை. இந்தச் செய்தியை நான் அண்ணியிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான். "பணம் ஆரு குடுத்தா என்னங்க தம்பி, ஒரு நாளு மாத்திர நிக்கலாமுங்களா?"

நிற்கக் கூடாது. ஆகவே பணம் யாருடையது என்பது முக்கியமாகிவிடுகிறது. நன்கொடையாக வருவது ஒரு கையெழுத்தில் நின்றுவிடும். ஒரு நாட்டின் சட்டத்திலும் தொழிற்சாலையிலும் வரவுசெலவிலும் இருப்பதை வெளியிலிருந்து யாரும் ஒரே நாளில் நிறுத்த முடியாது. உதவி பெறும் நாடு உதவி முடிந்த மறுநாள் தானே நிற்கும்படி அந்த உதவி அமைந்திருக்கிறதா என்பதை வைத்துத்தான் அதை எடைபோட வேண்டும். நிதிக்குறைப்புக்காக உலகம் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே கோபம் சட்டத்தின் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும்போது வருவதில்லை.

2005-ல் இந்தியா ட்ரிப்ஸ் ஒப்பந்தப்படி சட்டத்தைத் திருத்தி, மருந்துப் பொருளுக்கும் காப்புரிமை தரத் தொடங்கியது. அப்போது நாடாளுமன்றம் புத்திசாலித்தனமாக ஒரு வேலி போட்டது. பழைய மருந்தைச் சற்றே மாற்றி, பலன் கூடாமலே புதிய காப்புரிமை கேட்பதைத் தடுக்கும் 3(டி) பிரிவு அது. ரத்தப் புற்றுநோய் மருந்தான கிளிவெக்குக்கு நோவார்டிஸ் கேட்ட காப்புரிமையை 2006-ல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. அந்தப் பிரிவே செல்லாது என்று நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 2007 ஆகஸ்டில் நீதிபதிகள் ஆர். பாலசுப்பிரமணியனும் பிரபா ஸ்ரீதேவனும் அதைத் தள்ளுபடி செய்தார்கள். குடிமக்களுக்கு எளிதில் கிடைக்கும் மருந்தை உறுதிசெய்வது அரசின் கடமை என்பதை அந்தத் தீர்ப்பு கணக்கில் எடுத்துக்கொண்டது. 2013-ல் உச்ச நீதிமன்றமும் காப்புரிமை இல்லை என்றது. நம் ஊர் நீதிமன்ற வளாகத்தில் நடந்த அந்த வழக்கை உகாண்டாவிலும் தாய்லாந்திலும் நோயாளிகள் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது வந்திருப்பது லெனகாபாவிர். ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி. தொற்றே வராமல் தடுக்கிறது. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்த சோதனையில் அந்த ஊசி போட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இளம்பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. அமெரிக்காவில் விலை ஆண்டுக்கு சுமார் 28,000 டாலர். காப்புரிமை வைத்திருக்கும் கிலியட் நிறுவனம் 2024 அக்டோபரில் ஆறு உற்பத்தியாளர்களுக்கு, பெரும்பாலும் இந்திய நிறுவனங்களுக்கு, 120 நாடுகளில் விற்க உரிமம் தந்தது. 2027 முதல் ஆண்டுக்கு 40 டாலருக்குக் கிடைக்கும் என்று 2025 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. மகிழ்ச்சியான செய்தி. ஆனால் அந்த 120-ல் பிரேசில் இல்லை, அர்ஜென்டினா இல்லை, மெக்சிகோ இல்லை, பெரு இல்லை. இந்த மருந்தின் சோதனைக்குத் தங்கள் உடலைக் கொடுத்தவர்களில் அந்த நாட்டவர்களும் உண்டு. 2001-ல் சிப்லா யாரிடமும் கேட்காமல் விலை சொன்னது. இன்று யாருக்கு விற்கலாம் என்ற பட்டியலைக் காப்புரிமை வைத்திருப்பவர் எழுதித் தருகிறார்.

காப்புரிமை வழங்கப்படும் முன்பே பொதுமக்கள் ஆட்சேபிக்கும் உரிமை இந்தியச் சட்டத்தில் இருக்கிறது. நோயாளி அமைப்புகள் பலமுறை அதைப் பயன்படுத்தி வென்றிருக்கின்றன. 2024 மார்ச்சில் விதிகளைத் திருத்தி அதற்குக் கட்டணம் வைத்தார்கள். ஆட்சேபம் ஏற்கத்தக்கதா என்று முதலிலேயே வடிகட்டவும் அதிகாரிக்கு இடம் கொடுத்தார்கள். 2025 ஜூலையில் இந்தியாவும் பிரிட்டனும் கையெழுத்திட்ட வர்த்தக ஒப்பந்தத்தின் அறிவுசார் சொத்துப் பகுதி, மக்களுக்கு மருந்து கிடைக்கச் செய்ய விரும்பத்தக்க வழி நிறுவனங்கள் தாமாக முன்வந்து செய்துகொள்ளும் உடன்பாடுகளே என்கிறது. தோஹாவில் மாறன் இருந்த அறையில் இந்தியா பேசியது இதுவல்ல. விஸ்கி விலை குறையுமா, கார் விலை குறையுமா என்று அந்த ஒப்பந்தத்தைப் பற்றி நம் செய்தித்தாள்கள் பக்கம் பக்கமாக எழுதின. இந்த வரியைப் பற்றி நோயாளி அமைப்புகளும் சில சட்ட வல்லுநர்களும் மட்டும் பேசினார்கள். அடுத்த ஒப்பந்தங்களுக்கான பேச்சும் நடக்கிறது. அவற்றின் மருந்துப் பகுதியில் என்ன எழுதப்படுகிறது என்று நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் நாம் இப்போதே கேட்க வேண்டும், கையெழுத்துக்கு முன்னால்.